பழுது பார்ப்பவரே பாகமும் விற்றால்

வீட்டுச் செலவுகளை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பால், மளிகை, பெட்ரோல், பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றை ஓரளவுக்கு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். விலை ஏறினாலும் எவ்வளவு ஏறியது என்பது தெரியும். வண்டிப் பராமரிப்பு, வீட்டுப் பராமரிப்பு என்ற இரண்டு தலைப்புகளின் கீழ் வரும் தொகைகள் அப்படிப்பட்டவை அல்ல. தொகை பெரியதாக இருப்பதுகூடப் பரவாயில்லை. அந்தச் செலவு உண்மையிலேயே தேவைப்பட்டதா என்பது பணத்தைக் கொடுத்து முடித்த பிறகும் தெரியாமலேயே போய்விடுவதுதான் உறுத்துகிறது. கத்தரிக்காய் சொத்தை என்றால் நறுக்கும்போதே தெரிந்துவிடும். காருக்குள் மாற்றியதாகச் சொல்லப்படும் பாகம் மாற்ற வேண்டியதாக இருந்ததா என்பதை எந்த அரிவாள்மனையும் காட்டித் தராது.

சென்னையின் தென்புறநகரில் ஒரு தனி வீடு, ஒரு சிறிய பெட்ரோல் கார், மனைவியின் ஸ்கூட்டர் ஆகியவற்றை வைத்துக் குடித்தனம் நடத்துகிறோம். பழைய பில்களை அண்மையில் வரிசைப்படுத்தியபோது, நம்முடைய பணம் பெரும்பாலும் பாகத்தின் விலையிலோ கூலியிலோ கரைவதில்லை, என்ன பழுது என்று தீர்மானிக்கப்படும் அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே கரைந்துவிடுகிறது என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் நம் ஊரில் பழுதைக் கண்டுபிடித்துச் சொல்பவரும் அதற்கான பொருளை விற்பவரும் அனேகமாக ஒரே ஆளாக இருக்கிறார்கள்.

காரிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் காரின் கையேட்டில், ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறது. எந்தச் சர்வீஸில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்து விட்டுவிட்டால் போதும் என்பதற்கு அதே கையேட்டின் பின்பக்கங்களில் ஓர் அட்டவணையும் உண்டு. கார் வாங்கிய எல்லோரிடமும் இந்தக் கையேடு இருக்கிறது. கையுறைப் பெட்டியில் (குளோவ் பாக்ஸ்), பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், இன்சூரன்ஸ் நகலுக்கு அடியில் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில், செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டு போடும்போது அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பேச்சின் போக்கே மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

"சார், எஞ்சின் ஃப்ளஷ் போட்டுடலாமா? கிலோமீட்டர் ஆயிடுச்சு" என்பது வழக்கமான முதல் கேள்வி. அதைத் தொடர்ந்து த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு, எஞ்சின் பகுதிக்கு எலி விரட்டி ஸ்பிரே என்று ஒவ்வொன்றாக வரும். தனித்தனியே கேட்டால் எதுவுமே பெரிய தொகை இல்லை. ஐந்நூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்றுதான் இருக்கும். கூட்டினால் அட்டவணைப்படியான சர்வீஸின் தொகைக்கு நிகராக வந்து நிற்கும். இவற்றில் ஒன்றுகூட எங்கள் கையேட்டின் அட்டவணையில் இல்லை. எலி விரட்டி விஷயத்தில் மட்டும் எனக்குச் சற்றுச் சபலம் உண்டு, ஏனெனில் எங்கள் தெருவில் எலிகள் வயரைக் கடித்துக் கார் நின்று போனது நடந்த கதை. ஆனாலும் ஒரு வாட்டர் வாஷைத் தாண்டி அந்த வாசனை நிற்குமா என்று கேட்டபோது, அதைப் போடச் சொன்ன சர்வீஸ் சென்டர் இளைஞரே சிரித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மாதத்துக்கு இவ்வளவு கூடுதல் விற்பனை காட்ட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்று அவரே ஒரு முறை வெளிப்படையாகச் சொன்னார். இலக்கு வைத்து விற்கச் சொல்லப்பட்டவரிடம் நாம் போய் வண்டிக்கு என்ன தேவை என்று கேட்கிறோம்.

பிரேக் பேடு விஷயம் இதைவிடத் தீவிரமானது, ஏனென்றால் அங்கே பயம் சேர்ந்துகொள்கிறது. சென்ற ஆண்டு சர்வீஸின்போது, "முன் பேடு முப்பது பர்சென்ட்தான் இருக்கு, அடுத்த சர்வீஸ் வரைக்கும் தாங்காது" என்று போனில் தகவல் வந்தது. பிரேக் என்ற சொல்லைக் கேட்டவுடன் யாருக்கும் மறுத்துப் பேச நா எழாது. சதவீதக் கணக்கு வேண்டாம், எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று கேட்டேன், பதில் வரவில்லை. நேரில் பார்க்கலாமா என்றால், வாடிக்கையாளர்களை உள்ளே விடுவதில்லை என்றார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, மறுநாளே எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, பேடின் ஓரத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. புதிய பேடு ஏறத்தாழ பத்து இருக்கும். இரண்டு, மூன்றுக்கு வரும்போது மாற்றுவதுதான் வழக்கம். "இது இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார், இப்ப எதுக்கு மாத்தணும்?" என்று சக்கரத்தை மாட்டிவிட்டார். அந்தப் பேடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிச் சொல்வதால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் என்றாலே கொள்ளை, தெருமுனை மெக்கானிக் என்றாலே தர்மவான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சின் ஆயில் விஷயத்தில் எதிர்த்திசையில்தான் ஆபத்து. இப்போது வரும் சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்ற மெல்லிய ஆயில்களைத்தான் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பழைய வண்டிகளிலேயே கைபழகிய மெக்கானிக் ஒருவர், "அது தண்ணி மாதிரி இருக்கு சார், எஞ்சின் தாங்காது" என்று கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றிவிட முனைந்ததை நானே தடுத்திருக்கிறேன். வாரண்டி முடியும் வரை சர்வீஸ் சென்டர், முடிந்த பிறகு நம்பகமான பட்டறை, ஆனால் இரண்டு இடத்திலும் கையேடு சொன்ன ஆயில், கையேடு சொன்ன அளவு என்பதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. ஆயிலின் அளவைப் பில்லில் பார்ப்பது சிறிய வேலைதான். மூன்றரை லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு நான்கு லிட்டர் என்று பில் போடுவது அப்படியொன்றும் அரிதல்ல.

ஏசி காற்று வரும் வழியிலுள்ள கேபின் ஃபில்டருக்குப் பாகத்தின் விலையோடு மாற்றுக் கூலியும் தனியாகப் போடுகிறார்கள். பல கார்களில் இது கையுறைப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தி இறக்கினால், மூடியைத் திறந்து பழையதை உருவிவிட்டுப் புதியதை, காற்றோட்ட அம்புக்குறி சரியான திசையில் இருக்கும்படி, செருகிவிடலாம். உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், அதாவது நாமெல்லாம் சொல்லும் ஜி.பி. ரோட்டில், கம்பெனிப் பெட்டியிலேயே அந்த ஃபில்டர் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஆகிவிட்டதால், முன்பு 28 சதவீதம் போட்ட பாகங்களின் பில்லில் இப்போது என்ன சதவீதம் இருக்கிறது என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸும் இதே கதையின் இன்னொரு அத்தியாயம். பம்பரில் ஒரு கீறலோடு வண்டியை விட்டால், "கிளெய்ம் போட்டுடலாம் சார், உங்க கையில இருந்து ஒண்ணும் போகாது" என்பார்கள். போகும். உதாரணமாக, நம் காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய் என்றும், நான்கு ஆண்டுகளாகக் கிளெய்ம் எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி முதலாண்டு முடிவில் 20, பிறகு 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். அடுத்த புதுப்பித்தலில் நமக்கு 45 சதவீதம், அதாவது 3,600 ரூபாய் கிடைக்க வேண்டும். கிளெய்ம் போட்டால் அது பூஜ்யமாகிவிடும். அதோடு முடிவதில்லை. அதற்கடுத்த ஆண்டில் 50 சதவீதம் கிடைக்க வேண்டிய இடத்தில் 20 மட்டுமே கிடைப்பதால் 2,400, பிறகு 2,000, பிறகு 1,200, பிறகு 400 என்று பழைய நிலைக்குத் திரும்பும் வரை இழப்பு தொடரும். பிரீமியம் மாறாது என்று கொண்டால் ஐந்து புதுப்பித்தல்களில் மொத்தம் 9,600 ரூபாய். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் இது சற்றுக் குறையலாம், ஆனால் ஜிஎஸ்டியும் சேரும் என்பதை மறக்கக் கூடாது. இதற்கு எதிரே பம்பருக்குப் பெயிண்ட் அடிக்க ஆகும் நான்காயிரம் சொச்சத்தையும், அதிலும் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய ஆயிரம் ரூபாயையும் வைத்துப் பார்த்தால் எது லாபம் என்பது விளங்கும். வெள்ளத்தில் எஞ்சின் போனாலோ பெரிய விபத்து நேர்ந்தாலோ கிளெய்ம் போடத் தயங்கவே கூடாது. இன்சூரன்ஸ் எடுப்பது அதற்காகத்தான்.

வெள்ளம் என்றதும் ஒரு சிறு விலகல். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். தண்ணீரில் மூழ்கிய காரைச் சாவி போட்டுப் பார்த்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். நாமே ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லிச் சாதாரண முழுக்காப்புப் பாலிசியில் அதை மறுத்துவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்க வேண்டும், எடுத்திருந்தாலும் நின்ற தண்ணீரில் சாவியைத் தொடாமல் இருப்பதே நல்லது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரிய தொகைக் கிளெய்ம்களில், பட்டறைக்காரர் கொடுக்கும் மதிப்பீட்டை அப்படியே இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்பதில்லை. உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் வந்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தினால் போதும் என்று பார்த்து எழுதுகிறார். பாகத்தை விற்காதவர் பழுதைத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. நிறுவனங்கள் தங்கள் பணத்துக்கு இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கின்றன. நம் பையிலிருந்து போகும் பணத்துக்குத்தான் சர்வேயர் கிடையாது.

ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல ஸ்கூட்டர்களில் காற்று ஃபில்டர் எண்ணெய் தோய்த்த காகிதத்தால் ஆனது. அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்ததாகக் கூலி வாங்குவது வீண் என்பதோடு, ஃபில்டருக்கும் கெடுதல். பெல்ட்டையும் ரோலரையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் பழைய பெல்ட்டை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். உட்புறப் பற்களின் அடியில் வெடிப்பு தெரிந்தால் சொன்னது சரி. மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது என் மனைவியின் பழக்கம். அதை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்யப்போவதில்லை, பழைய இரும்புக்காரருக்குத்தான் போகிறது. ஆனால் பாகத்தைக் கேட்பார் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் மாற்றாததை மாற்றியதாகச் சொல்ல யாரும் துணிவதில்லை.

வீட்டுக்குள் வந்தால், தண்ணீர்தான் முதல் செலவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் எங்கள் பகுதியில் ஆர்ஓ இயந்திரம் இல்லாத வீடே இல்லை. ஒரு நாள் மாலை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த இளைஞர் சமையல் மேடையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்தார். ஒன்றில் எங்கள் இயந்திரத்தின் தண்ணீர். மற்றதில் அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கிப் பிளக்கில் சொருகினார். சிறிது நேரத்தில் எங்கள் தம்ளரில் மஞ்சளாக ஏதோ கலங்கத் தொடங்கி, செம்பழுப்பாகி, மேலே நுரையும் கட்டியது. அவருடைய தம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது. "பாத்தீங்களா மேடம், இதைத்தான் தினமும் குடிக்கிறீங்க. மெம்பரேன் போயிடுச்சு" என்றார். பிளஸ் டூவில் வேதியியல் படிக்கும் மகள் ஒரு சிட்டிகை கல்லுப்பை எடுத்துவந்து அவருடைய தம்ளரில் போட்டுக் கலக்கி, "அண்ணா, இப்ப ஒரு தடவை போடுங்க" என்றாள். அவர் தயங்கினார், பிறகு போட்டார். எங்கள் தம்ளரைவிட அது மோசமாகக் கலங்கியது. கலங்கலாகத் தெரிவது தண்ணீரிலிருந்த அழுக்கே அல்ல, கருவியின் இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து உண்டாகும் துரு. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் கம்பி கரைவதில்லை, அவ்வளவுதான்.

மெம்பரேன், அதாவது உப்பைப் பிரித்தெடுக்கும் சவ்வு, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரே போதும். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் மாதம் ஒரு முறை அளந்து எழுதி வைத்தால், வெளியே வரும் எண் ஏறத் தொடங்கும்போது மாற்றலாம். அதுவரை முன்னாலுள்ள கசடு ஃபில்டரையும் கார்பன் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டு வந்தால் போதும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கரைந்த திடப்பொருள்களின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓ இயந்திரங்களைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் மீட்டர் 500-க்கு வெகு கீழே காட்டுமானால், கிருமிகளை நீக்கும் சாதாரண வடிகட்டியே போதுமா என்று ஆர்ஓ வாங்குவதற்கு முன்பே யோசிக்கலாம்.

ஏசி விஷயத்தில் தம்ளர் வித்தைகூடத் தேவைப்படுவதில்லை. "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்ற ஒரு வாக்கியம் போதும். ஏசியிலுள்ள வாயு பெட்ரோலைப்போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. அது மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் வாயுவை நிரப்பினால், அடுத்த கோடையில் அதே ஆள் அதே வாக்கியத்தோடு வருவார். முறையாகச் செய்பவர் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். கசிவை அடைத்து, பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகு, எடை பார்த்து வாயுவை ஏற்றுவார். எத்தனை கிராம் என்பது வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் காயில் அரித்துப்போவது உண்மை. ஆகவே அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கசிவு வருவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் குளிர்ச்சி குறைந்ததற்கு அழுக்கடைந்த ஃபில்டரோ வெளி யூனிட்டில் படிந்த தூசியோ காரணமாக இருப்பதுதான் அதிகம். ஆகையால் முதலில் வாட்டர் சர்வீஸ், பிறகும் குளிரவில்லை என்றால் மட்டும் வாயுவைப் பற்றிய பேச்சு என்று வைத்திருக்கிறோம்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நின்றால் வீடே நின்றுவிடும் என்பதால் அங்கே பேரம் பேச யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பட்டனை அழுத்தினால் உறுமல் கேட்டது, தண்ணீர் வரவில்லை. முதலில் வந்தவர் பெட்டியைத் திறக்காமலேயே, "காயில் போயிருக்கும், தூக்கித்தான் பார்க்கணும்" என்றார். தூக்குவது என்றால் ஆள் கூலி, குழாய்களைக் கழற்றி மாட்டும் செலவு, காயில் கட்டும் செலவு, தண்ணீர் லாரிக்குச் செலவு என்று அது ஒரு திருவிழா. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் சுவரிலிருந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரை விரலால் காட்டினார். மேல்புறம் உப்பி, ஓரத்தில் பிசுபிசுவென்று எண்ணெய் கசிந்திருந்தது. அதே மைக்ரோஃபாரட் அளவில் ஒன்றை வாங்கிவரச் செய்து மாட்டினார். அடுத்த நிமிடம் மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சில நூறு ரூபாயில் முடிந்தது.

பெயிண்ட் செலவில் இந்தக் குழப்பம் வேறு வடிவத்தில் இருக்கிறது. எத்தனை லிட்டர் வேண்டும், எந்தக் கம்பெனி, எந்த ரகம் என்று பெரும்பாலும் பெயிண்டரே சொல்கிறார். பக்கெட்டுக்குள் பெயிண்டருக்கென்று கம்பெனிகள் வைக்கும் கூப்பனும் அவருக்கே போகிறது. முன்பு பிளாஸ்டிக் டோக்கனாக இருந்தது, இப்போது கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் குறியாக வருகிறது. உழைப்பவருக்குக் கிடைக்கும் சிறு சலுகையை நான் குறை சொல்லவில்லை. இருபது லிட்டர் பக்கெட் ஒன்று கூடுதலாக வந்து இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதைத் தெரிந்துகொண்டு, சுவரின் நீள அகலத்தை நாமே அளந்து, ஜன்னல் கதவுகளைக் கழித்து, பக்கெட்டின் மேல் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கால் வகுத்துப் பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் தவறான வேலை நடந்துவிட்டால், பில் கையில் இருப்பவருக்கு மட்டுமே வழி உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதுபார்ப்பும் ஒரு சேவைதான். அதில் குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வது எளிது. "பில் வேணும்னா ஜிஎஸ்டி சேரும் சார்" என்று சொல்லும்போது நாம் மிச்சப்படுத்துவதாக நினைக்கும் 18 சதவீதம் இந்த உரிமையின் விலைதான்.

ஆனால் குறையை எதிர்ப்பக்கத்தில் மட்டும் தேடுவது நியாயமாகாது. வந்து பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் ஆளுக்கு நம்மில் எத்தனை பேர் காசு கொடுக்கிறோம்? சும்மா பார்த்ததற்கா இருநூறு ரூபாய் என்று கேட்காத வீடு குறைவு. டாக்டரிடம் போய் ஒன்றுமில்லை என்று கேட்டு நிம்மதியாகப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். அரை நாளைச் செலவழித்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு வரும் பிளம்பரிடம் மட்டும் பொருளாக ஏதாவது கையில் கொடுத்தால்தான் கூலி என்கிறோம். உண்மையைச் சொன்னால் வருமானம் இல்லை என்று ஆக்கிவைத்த பிறகு, அவர் எதையாவது மாற்றிவிட்டுப் போவதில் வியப்பென்ன? ஆகவே சில காலமாக, வரும்போதே பார்ப்பதற்கு இவ்வளவு, செய்வதற்கு வேறு என்று பேசிவிடுகிறோம். முதலில் அவர்களே கூச்சப்பட்டார்கள். இப்போது எலக்ட்ரீஷியன் போனிலேயே, "அது வேண்டாம் சார், ட்ரிப்பரை மேல தூக்கிப் பாருங்க" என்று சொல்லி வராமலே முடித்துவிடுகிறார். அதற்கும் சேர்த்து அடுத்த முறை கொடுத்துவிடுகிறோம்.

சென்ற ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரையின் மூலையில் ஓதம் இறங்கியது. ஒருவர் வந்து மாடி முழுவதற்கும் ரசாயனப் பூச்சு அடிக்க வேண்டும் என்று சதுர அடிக்கு விலை சொன்னார், பத்து ஆண்டு வாரண்டி என்று அட்டையும் காட்டினார். இன்னொருவர் மாடியில் பதித்த தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு, அதற்கடியிலுள்ள சுர்க்கித் தளத்தையே புதிதாகப் போட வேண்டும் என்றார். இரண்டுமே பெரும் தொகைகள். மூன்றாவதாக, வேலைக்கு இப்போது அதிகம் போகாத ஒரு வயதான கொத்தனாரை, ஐந்நூறு ரூபாய் பேசி, பார்க்க மட்டும் அழைத்தோம். அவர் மழைநீர் இறங்கும் துவாரத்தைச் சாக்கில் மணல் கட்டி அடைத்து, மாடியில் இரண்டு அங்குலத் தண்ணீரைத் தேக்கிவிட்டு, "நாளைக்கு இதே நேரத்துக்கு வரேன் தம்பி" என்று போய்விட்டார். மறுநாள் வரை கீழே ஈரம் கூடவில்லை. பிறகு சாக்கை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குழாயில் இறங்கவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் மூலை நனைந்தது. தளத்தில் எந்தக் கோளாறும் இல்லை, வடிகுழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்திலிருந்த இணைப்பு விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு துண்டுக் குழாயை மாற்றி, சுற்றிலும் கலவை வைத்து அடைக்க, அவருடைய ஐந்நூறையும் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி வைக்க வேண்டும், ஈரத்தோடு வைத்தால் செதிலாக உரியும் என்று அவர் சொல்லியிருப்பதால், பெயிண்டரைப் பங்குனியில்தான் கூப்பிடப்போகிறோம். எத்தனை லிட்டர் என்பதை நாங்களே அளந்து வாங்கிவைப்பதாகவும், கூப்பன் அவருக்கே என்றும் இப்போதே பேசியாகிவிட்டது.